வக்கீல் வீட்டு வராந்தாவில் இரண்டு மணி நேரம்

பாடத்திட்டப் படிவத்தில் ‘பாடத்தின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். மாணவர்கள் இன்னதை அறிந்துகொள்வார்கள், இன்னதைப் பகுத்தாய்வார்கள் என்று. நான் எழுதியது இது: ‘விளம்பரமே செய்யக் கூடாத தொழில்காரரிடம் ஜனங்கள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள் என்பதை மாணவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.’

துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ன மேடம் இது, கதை மாதிரி எழுதியிருக்கீங்க?”

“கதை மாதிரி இருந்தா நல்லதுதானே சார், படிக்கிறவன் தூங்க மாட்டான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் நான் சரியாகத்தான் பேசியிருக்கிறேன் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

எங்கள் கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. எம்.பி.ஏ. வகுப்புக்கு மார்க்கெட்டிங் எடுக்கிறேன். அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டினேன். அந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் ஆபீஸ் ஒரு நோட்டீஸ் அச்சடித்ததில்லை. அடிக்கவும் கூடாது, அந்தத் தொழிலின் விதி அப்படி. வாசலில் ஒரு பெயர்ப் பலகை, அதுவும் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் வம்பு. ஆனாலும் நூற்பாலைக்காரர்கள், பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், மாங்காய் வியாபாரிகள் என்று வந்துகொண்டேதான் இருந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று நான் ஒன்பது வருஷமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தர்கூடத் தனியாக வரவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் அப்படியா என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ பெரிய டாக்டரிடமோ முதல் தடவை போகிறவர் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போவார். சகலையோ, பக்கத்து மில் மேனேஜரோ, பெண் கொடுத்த சம்பந்தியோ, அந்தத் தொழில்காரரை முன்னமே தெரிந்த ஓர் ஆள். இவர் வாயைத் திறக்கவே மாட்டார், கூட வந்தவர்தான் விஷயத்தைச் சொல்வார். “நம்ம ஆளு, பாத்துச் செய்ங்க” என்பார். பிறகு வேலை கெட்டுப்போனால் ஆடிட்டரை யாரும் திட்ட மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போனவரிடம்தான் கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆக, பணயமாக வைக்கப்படுவது கூட வந்தவரின் முகம். புத்தகத்தில் வாடிக்கையாளர், வாடிக்கையாளர் என்று வரிக்கு வரி போட்டிருக்கிறானே, எங்கள் ஊரில் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் வாடிக்கையாளரே இல்லை.

இதைத்தான் ஒரு பாடமாக ஆக்க நினைத்தேன். தொழில்முறைச் சேவைகளைச் சந்தைப்படுத்துதல் என்று தலைப்பு. ஆடிட்டர், வக்கீல், டாக்டர், வீட்டுக்குப் பிளான் போடுகிற இன்ஜினியர், இவர்களெல்லாம் எப்படிப் பெயர் எடுக்கிறார்கள், எப்படிப் பெயர் கெடுகிறார்கள் என்பதுதான் சங்கதி. மூன்று வருஷமாகக் கேட்டேன். மூன்றாவது வருஷம் ‘சரி, எழுதிக் கொடுங்க’ என்றார்கள்.

துறைத் தலைவர் சென்னைக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். ஏரோப்ளேன் கம்பெனி, நட்சத்திர ஓட்டல், பாங்கு என்று வெளிநாட்டு உதாரணங்களை வைத்து ஒரு பட்டியல் கொடுத்தார். “இதையே போட்டுடுங்க மேடம், பாடத்திட்டக் கமிட்டியில கேள்வி வராது.”

“சார், ஓட்டல்ல சாம்பார்ல உப்பு இல்லேன்னா வாயில வச்ச உடனே தெரிஞ்சிரும். வக்கீல் நல்லா வாதாடினாரான்னு கேஸ்ல தோத்தவனுக்கும் தெரியாது, ஜெயிச்சவனுக்கும் தெரியாது. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியுமா?”

“அது... தியரியில வருது.”

“தியரியில ஒரு வரி வருது. நான் அதை ஒரு பாடமா கேக்குறேன்.”

அவர் பட்டியலை அப்படியே மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பரண்மேல் போட்டேன்.

நான் வைத்த பாடத்தின் உயிர் களப்பணி. ஒவ்வொரு மாணவரும் நாலு ஆபீஸில், ஆபீஸுக்கு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். யார் யாரோடு வந்தார்கள், யார் முதலில் பேசினார், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், வெளியே போகும்போது முகம் எப்படி இருந்தது, இவ்வளவுதான் குறிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது, விவகாரத்தைக் காதில் வாங்கக் கூடாது. சம்பந்தப்பட்ட ஆபீஸ்களுக்கெல்லாம் நானே நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். கமிட்டி கூடுவதற்குள் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாம் என்று ஆறு பேரைச் சேர்த்தேன். மார்க் கிடையாது, ஆசைப்பட்டவர்கள் வரலாம் என்றேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி சேத்தூர்க்காரி. மற்றவர்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கணவர் ராஜபாளையத்தில் மில்லில் ஷிப்டு வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். அதிகம் பேச மாட்டாள். எழுதச் சொன்னால் மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதும் இடத்தில் அவள் ஆறு பக்கம் எழுதுவாள், அதில் ஒரு வரிகூட வெட்டி வரி இருக்காது. அவளுக்கு வக்கீல்களைக் கொடுத்தேன். சேத்தூரில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், ராஜபாளையத்திலும் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஊர், நிம்மதியாக உட்கார்ந்து எழுதட்டும் என்று நினைத்தேன்.

என் புத்தியை என்ன சொல்ல! ஜில்லா கோர்ட்டே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. சுற்றுப்பட்டில் வரப்புத் தகராறு வந்தாலும் வாய்க்கால் தகராறு வந்தாலும் அங்கேதான் வண்டி கட்டுவார்கள். அங்கே முகம் தெரியாதவர் யார்? ‘எங்கள் ஊரில் ஒருத்தரும் தனியாக வக்கீலைப் பார்க்கப் போக மாட்டார்கள்’ என்று மூன்றாவது வாரப் பாடத்தில் கொட்டை எழுத்தில் எழுதியவள் நான். வெள்ளோட்டத்தின் இரண்டாவது வாரமே ஒரு பெண்ணைத் தனியாக ஒரு வக்கீல் வீட்டு வராந்தாவில், கையில் நோட்டோடு, இரண்டு மணி நேரம் உட்கார வைத்தவளும் நானேதான். அப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்தால் எங்கள் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்றுதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

இரண்டு ஆபீஸ் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது, சொத்து வழக்குக்குப் பெயர் போன ஒரு வக்கீல். அன்றைக்கு எதிர் டீக்கடையில் சேத்தூர்க்காரர் ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தாராம். அந்த வடை முடிவதற்குள் செல்போனில் செய்தி சேத்தூர் போய்விட்டது. சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு அண்ணன்மாரும் அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவள் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உயில் எழுதவில்லை. ஒரு தென்னந்தோப்பு, ஒரு மாந்தோப்பு. சட்டப்படி அவளுக்கும் அண்ணன்மாருக்கும் சம பங்கு. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் என்ன? தங்கச்சிக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, அவள் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு என் பங்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முகூர்த்த நாளில் ரிஜிஸ்தர் ஆபீஸ் போகலாம் என்று அண்ணன்மார் சொல்லியிருந்தார்கள். அவளும் தலையாட்டியிருந்தாள். அந்த நேரத்தில் சொத்து வக்கீல் வீட்டு வராந்தாவில் அவள்!

மறுநாள் காலை மூத்த அண்ணன் கல்லூரிக்கே வந்துவிட்டார். துறைத் தலைவர் அறையில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார்.

“எங்க வீட்டுப் பொம்பளையக் கொண்டுபோயி வக்கீல் வீட்டுல உக்கார வைக்கதுக்கு நீங்க யாரு? படிக்கத்தான அனுப்புனோம்? சொத்துக்கு அடிச்சுக்கிட்டுச் சாவவா சொல்லித் தாரிய?”

“அது பாடத்துக்காகப் போனது. வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

“பாடமா! வக்கீல் வீட்டுல என்ன பாடம்? அங்க எம்புட்டுக் குடும்பம் சீரழிஞ்சு கெடக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? கூட ஆம்பளை யாரும் போகல. அவ மாப்பிள்ளைக்கே தெரியாது. இத நாங்க நம்பணும்?”

அவர் கத்தினாரே தவிர, கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, கூடவே அவர் சொன்னதில் பாதி என் தப்பு என்பதும் உறைத்தது. அந்த இரண்டும் சேர்ந்ததால் குரல் உயர்ந்துவிட்டது. “அவளுக்கு முப்பத்தி நாலு வயசு. அவ போற இடத்துக்கெல்லாம் ஆம்பளை துணை வேணும்னா நீங்களே வந்து பக்கத்துல உக்காந்து பாடம் கேளுங்க” என்றேன். துறைத் தலைவர் மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அண்ணன் போன பிறகு துறைத் தலைவர் ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தார். சேத்தூர்க்காரி கையெழுத்துப் போட வேண்டிய கடிதம். ‘நான் பயிற்சிக்காக மட்டுமே சென்றேன். என் சொந்த விஷயமாக எந்த வக்கீலையும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.’

“கடைசி ரெண்டு வார்த்தை எதுக்கு சார்?”

“அவங்க கேக்கிறது அதைத்தான் மேடம். அதைப் போட்டா அவங்க அமைதியாகிடுவாங்க. சனிக்கிழமை கமிட்டி. இந்தப் புகார் அங்க வந்தா உங்க பாடம் அவ்வளவுதான். லெட்டர் இருந்தா நான் பாஸ் பண்ணி வைக்கிறேன். களப்பணியோடவே.”

களப்பணியோடவே என்றார். மூன்று வருஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனேன். மனசுக்குள் ஒரு கணக்கு: அவள்தான் ஏற்கனவே விடுதலைப் பத்திரத்துக்குத் தலையாட்டியவளாயிற்றே, இந்தக் கடிதத்தில் அவளுக்கு என்ன நஷ்டம்? ஒரு கையெழுத்துத்தானே. பாடம் பிழைத்துவிடும், வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள்!

அவள் நூலகத்தில் உட்கார்ந்து நாலாவது ஆபீஸின் குறிப்பைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏட்டி, நேத்து அம்புட்டு ரகளை நடந்திருக்கு, நீ திரும்பவும் போனியா?”

“இன்னைக்குக் காலைல போயிட்டு வந்தேன் மேடம். நாலு ஆபீஸுன்னு எழுதியிருக்கு. மூணுல நிறுத்துனா அரைகுறையால்லா இருக்கும்.”

கடிதத்தை நீட்டினேன். படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களும் கையெழுத்துக் கேக்கத்தான் வந்தியளா?”

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடத்தான் மேடம் இருந்தேன். அண்ணன் ஒரு வார்த்தை, ‘நீ எதுக்குப் போன’ன்னு கேட்டிருந்தா, நோட்டக் காட்டியிருப்பேன், பத்திரத்துலயும் போட்டிருப்பேன். கேக்கவே இல்ல. வாசல்ல நிக்க வச்சு, தெருவே பாக்க, ‘திருடி’ன்னான். என் பங்க நானே கேட்டா திருட்டா? இப்ப போட மாட்டேன். அதுலயும் போட மாட்டேன், இதுலயும் போட மாட்டேன்.”

கடிதத்தைத் திருப்பி வாங்கிப் பையில் வைத்தேன். கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. பாடத்தின்மேல் அவ்வளவு ஆசை எனக்கு.

அன்று சாயங்காலம் நான் வண்டியை எடுக்கப் போகும்போது பின்னாலேயே வந்தாள்.

“மேடம், வியாழக்கிழமை நான் வக்கீலப் பாக்கப் போறேன். நெசமாவே. எங்க வீட்டு அவியளுக்கு ஷிப்டு, லீவு கிடைக்கல. தனியாப் போனா என்ன ஆவும்னு பாத்தாச்சு. நீங்க கூட வாரியளா?”

வியாழக்கிழமை நான் அந்த வக்கீல் வீட்டுப் படி ஏறினால் வெள்ளிக்கிழமை விடியுமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை கமிட்டியில், ‘பார்த்தீர்களா, பாடம் என்ற பெயரில் குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்றார்களே, உண்மைதான்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். பிறகு பாடமாவது மண்ணாங்கட்டியாவது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன்.

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பாடத்தை நடத்த எனக்கு என்ன யோக்கியதை? ஜனங்கள் தங்கள் முகத்தைப் பணயம் வைத்துக் கூடப் போகிறார்கள், அதனால்தான் இந்தத் தொழில்கள் நிற்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் முறை வந்தபோது அடுத்த வாரம் பார்க்கலாம் என்பேனா?

“எத்தனை மணிக்கு, ஏட்டி?” என்றேன்.

வியாழக்கிழமை அவளோடு பஸ்ஸில் போனேன், மறைந்து போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கோபுரத்தைப் பார்த்து அவள் ஒரு கும்பிடு போட்டாள், கோர்ட்டு பக்கம் நடந்தோம். டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “என்ன அண்ணாச்சி, வடை சூடா இருக்கா?” என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர்கள் டம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். அவள் என் முழங்கையைக் கிள்ளினாள், ஆனால் சிரித்தாள்.

வராந்தாவில் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு வரப்புத் தகராறு எங்களுக்கு முன்னால் காத்திருந்தது. அப்பா, மகன், கூட வந்த ஆள் ஒருவர். குமாஸ்தா இவளைப் பார்த்து, “என்னம்மா, இன்னைக்கு நோட்டு இல்லையா?” என்றார். “இன்னைக்கு நானே கேஸுதான் அண்ணாச்சி” என்றாள்.

உள்ளே போனதும் வக்கீல் வழக்கப்படி என்னைப் பார்த்துத்தான் “சொல்லுங்க மேடம்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா! எனக்கு வாய் சும்மா இருக்கிற வழக்கமே கிடையாது. அவள்தான் பேசினாள். அப்பா இறந்த விவரம், பட்டா யார் பெயரில், எந்தத் தோப்பு யார் அனுபவத்தில், எல்லாம் வரிசையாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். வக்கீல் பாதியிலேயே நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. கூடப் போனவள் கூடவே இருந்தால் போதும், பேச வேண்டியதில்லை என்பதை எங்கள் ஊரில் யாரும் செய்து பார்த்ததில்லை. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் கூப்பிட்டார். முகம் வாடிப்போயிருந்தது, பாவம்.

“வேற வேலையா ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன், வழியில அந்தப் பொண்ணைப் பார்த்தேன்னு சொல்லிடுங்க மேடம். கோயிலுக்குப் போனேன்னு சொன்னாக்கூட ஓகே.”

“ஆண்டாளை இதுல இழுக்காதீங்க சார். அவகூடப் போகத்தான் போனேன்.”

சனிக்கிழமை கமிட்டி. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர், எங்கள் துறையில் இருவர், தொழில்துறை சார்பில் ஒரு மில் முதலாளி. அண்ணனின் புகாரும் மேஜைமேல் இருந்தது. மில் முதலாளி நல்ல மனிதர், என் படிவத்தை முழுக்கப் படித்திருந்த ஒரே ஆளும் அவர்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா நம்ம ஊருக்கு இது சரிப்படாதும்மா.”

“நம்ம ஊரப் பாத்துத்தான் சார் எழுதினதே. உங்க ஆடிட்டர்கிட்ட முதல்ல எப்படிப் போனிய?”

“எங்க சகலைதான் கூட்டிட்டுப் போனாரு. அதுக்கென்ன?”

“அதுதான் சார் மூணாவது வாரம்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தாரே ஒழிய கை தூக்கவில்லை. வெளியூர்ப் பேராசிரியர், களப்பணிக்குப் பதிலாகப் புத்தக உதாரணங்களைப் போட்டால் இப்போதே அனுமதிக்கலாம் என்றார். துறைத் தலைவர் என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும், என் பாடம் அச்சில் வந்துவிடும், என் பெயரோடு.

“ஏரோப்ளேன்ல வர்றவனுக்குப் பாடம் எடுக்க நான் இங்க இல்ல. என் பிள்ளைங்க பஸ்ல வருது. களப்பணி இல்லேன்னா பாடம் வேண்டாம்” என்றேன். ‘மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று எழுதினார்கள். வெளியே வந்து வண்டியை உதைத்தேன், கிளம்பவில்லை. அங்கேயே நின்று நன்றாக அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அழுது முடித்துப் பார்த்தால் வண்டியில் சாவியே போடவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பைக் வந்து நின்றது. சேத்தூர்க்காரியின் மூத்த அண்ணன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பையைக் கீழே வைத்துவிட்டுத் தயாரானேன்.

“மேடம், செத்த நில்லுங்க” என்றார். குரலில் அன்றைய காரம் இல்லை. “வக்கீல் நோட்டீஸு வந்திருக்கு.”

“வரும்.”

“நாங்களும் யாரையாவது வைக்கணும்லா. எங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. அப்பா இருந்த வரைக்கும் கோர்ட்டுப் படி ஏறுனதே கிடையாது.” அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீங்க எல்லா வக்கீலையும் நோட்டுப் போட்டு வச்சிருக்கியளாமே. யாரு நல்லவிய? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்.”

எனக்குச் சிரிப்பதா, கையிலிருந்த முருங்கைக்காயால் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. என் பாடத்தை ஒழித்துக் கட்டிய மனிதர் நடுத் தெருவில் நின்று அந்தப் பாடத்தையே கேட்கிறார்!

“எனக்குத் தெரியாது. அங்க உக்காந்து நாலு ஆபீஸையும் பாத்து எழுதுனது நான் இல்ல, உங்க தங்கச்சி. அவகிட்டக் கேளுங்க.”

“அவகிட்டயா? அவளுக்கு எதிராத்தான மேடம் வைக்கணும்!”

“அவதான் படிச்சவ. வேற யாரும் இந்த ஊர்ல அதைப் படிக்கல. படிக்கவும் விடல” என்றேன். அவர் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். போய் எங்கே கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை இடைவேளையில் அவளே வந்து சொன்னாள். அப்பா போன பிறகு அண்ணன் அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காபி குடித்தது அன்றைக்குத்தானாம்.

“நீ என்ன சொன்னே?”

“நாலு பேரப் பாத்தேன்லா மேடம். அதுல முதலாவது நல்லவர நான் வச்சுக்கிட்டேன். ரெண்டாவது நல்லவர அவனுக்குச் சொன்னேன்.”

“அந்த நாலாவது ஆள், போறவங்க எல்லாம் அழுதுக்கிட்டே போறாங்கன்னு எழுதியிருந்தியே, அவரைச் சொல்லியிருக்கலாம்ல? கேஸ் உனக்குச் சுலபமா முடிஞ்சிருக்கும்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்பதுபோல்.

“கூடப் பெறந்தவன்லா மேடம். அவன் தோக்கணும், சீரழியக் கூடாது.”

மணி அடித்தது, வகுப்புக்கு ஓடினாள். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பதிலுக்குப் போட ஒரு இடம் இல்லை. நூற்றுக்கு நூறு என்று நான் இங்கே போடுகிறேன், யார் வந்து அழிக்கிறார்கள் பார்ப்போம்.